பெயரைத் துறந்த அறிவியலாளர்

அறிவியலாளர் ஒருவரின் வாழ்நாள் சேமிப்பு, அவர் பெயரில் வெளியாகும் ஆய்வுரைகளே. அந்தப் பெயரையே 17 ஆண்டுகள் துறந்து வாழ்ந்தவர் சீன அணுக்கரு இயற்பியலாளர் வாங் கன்சாங்.

ஜியாங்சு மாகாணத்தின் சாங்ஷுவில் 1907-ஆம் ஆண்டு பிறந்த அவர், சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் பயின்று, 1930-இல் பெர்லின் சென்று லீசே மைட்னரிடம் ஆய்வு மாணவரானார். பெரிலியத்திலிருந்து வெளிப்பட்ட ஊடுருவும் கதிர் எத்தகையது என்று இயற்பியலாளர்கள் குழம்பியிருந்த காலம் அது. துகள்களின் தடத்தைக் காட்டும் முகிலறையைக் கொண்டு அதை ஆராய விரும்பினார் மாணவர், ஆசிரியர் இசையவில்லை. 1932-இல் அக்கதிர் நியூட்ரான்களே என்று நிறுவிய ஜேம்ஸ் சாட்விக் பின்னர் நோபல் பரிசு பெற்றார்.

தாயகம் திரும்பியவரைப் போர் துரத்தியது. ஜப்பானியப் படையெடுப்பால் செஜியாங் பல்கலைக்கழகம் ஊர் ஊராக இடம்பெயர, அவரும் உடன் அலைந்தார். சோதனைக்குரிய கருவிகள் இல்லை. ஆயினும், பெரிலியம்-7 அணுக்கரு எலெக்ட்ரானைக் கவரும்போது நேரும் பின்னுதைப்பை அளந்தால் நியூட்ரினோ இருப்பதை அறியலாம் என்ற அவரது யோசனை 1942-இல் அமெரிக்க ஆய்விதழில் வெளிவந்தது. அதே ஆண்டு அச்சோதனையை நடத்தியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் ஆலன்.

பின்னர் சோவியத் ஒன்றியத்தின் துப்னா ஆய்வு நிலையத்தில், பல்லாயிரம் நிழற்படங்களை அலசி, எதிர் சிக்மா மைனஸ் ஹைபெரான் என்னும் புதிய துகளை அவரது குழு கண்டறிந்தது. புகழ் கைகூடிய அவ்வேளையில், 1961-இல், அணுகுண்டுத் திட்டத்துக்கு அழைப்பு வந்தது. சோவியத் வல்லுநர்கள் வெளியேறிவிட்டிருந்த நேரம் அது. அவர் மறுக்கவில்லை. வாங் ஜிங் என்ற புனைபெயருடன் மறைந்தார். இருப்பிடம் குடும்பத்தாருக்கும் தெரியாது. 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள சிங்ஹாய் பீடபூமியில் உழைத்தார். 1964 அக்டோபர் 16 அன்று லோப் நூர் பாலையில் சீனாவின் முதல் அணுகுண்டும், 1967 ஜூன் 17 அன்று ஹைட்ரஜன் குண்டும் வெடித்தன.

1978-இல் சொந்தப் பெயரை மீட்டுக்கொண்டவர், அணுமின் நிலையங்கள் அமைக்கக் குரல் கொடுத்தார். 1986-இல் மேலும் மூவருடன் சேர்ந்து அவர் அரசுக்கு எழுதிய கடிதமே, 863 எனப்படும் உயர் தொழில்நுட்பத் திட்டத்துக்கு வித்திட்டது. 1998-இல் மறைந்த அவருக்கு, மறு ஆண்டு அரசின் உயரிய பதக்கம் வழங்கப்பட்டது.

அழிவாயுதத்துக்காக ஓர் அறிஞரின் முதிர்ந்த ஆண்டுகள் செலவானது பெருமையா, இழப்பா என்ற வினா எளிதில் தீராது. நாடு கேட்ட விலையை அவர் கொடுத்தார். அவ்விலையின் அளவை, அந்த 17 ஆண்டுகளில் அவர் பெயரில் வெளிவராமற்போன ஆய்வுரைகளே சொல்லும்.