காணாததை அளந்த அபூரைஹான் அல்பீரூனி (ரஹ்)

கஃபா நம் கண்களுக்குத் தெரிவதில்லை. ஆயினும் நாள்தோறும் ஐவேளையும் அதன் திசை நோக்கியே நிற்கின்றோம். கண்ணுக்கு எட்டாதவற்றை வானத்தின் துணைகொண்டு அளந்தறிந்த பேரறிஞர்களுள் ஒருவர் அபூரைஹான் அல்பீரூனி அவர்கள்.

ஹிஜ்ரி 362-இல் (கி.பி. 973) மத்திய ஆசியாவின் குவாரிஸ்ம் நாட்டில், காஸ் நகரத்தை அடுத்துப் பிறந்தார்கள். இளமையில் சூரிய கிரகணங்களை நேராக நோக்கியதால் தமது பார்வை பலவீனமுற்றதை அவர்களே எழுதி வைத்துள்ளார்கள். பின்னர் நீரில் விழும் பிம்பத்தையே பார்க்கச் சொன்னார்கள். (அதுவும் கண்ணுக்குத் தீங்கென்பது இன்றைய மருத்துவர்களின் எச்சரிக்கை. கிரகணத் தொழுகைக்கு வரும் பிள்ளைகளைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.)

பூமியின் நிழல் விண்வெளியில் எப்போதும் நீண்டு கிடக்கிறது. சந்திரன் அதனுள் புகும்போதுதான் நமக்குப் புலப்படுகிறது. கி.பி. 997-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அல்பீரூனி காஸிலும், அபுல்வஃபா அவர்கள் பக்தாதிலும், முன்கூட்டியே பேசிவைத்து நோக்கினார்கள். கிரகணம் எல்லோருக்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. ஆனால் இரு ஊர்களின் நேரங்களோ ஏறத்தாழ ஒரு மணி வேறுபட்டன. ஒரு மணிக்குப் பதினைந்து பாகை என்ற கணக்கில், நடந்து அளக்க இயலாத தொலைவு தெரிந்துவிட்டது!

கி.பி. 1017-இல் சுல்தான் மஹ்மூத் குவாரிஸ்மை வென்று அவர்களைக் கஜ்னிக்குக் கொண்டு சென்றார். தாயகம் போயிற்று, கருவிகளும் இல்லை. மறு ஆண்டு காபூலை அடுத்த ஒரு சிற்றூரில் கணக்குப் பலகையின் பின்புறத்தில் வட்டவில் வரைந்து, அதையே கருவியாக்கிச் சூரியனின் உயரத்தை அளந்தார்கள்.

பிறகு, இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தைக் கணித்தார்கள், 652 முழம். உச்சியில் ஏறி, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார்கள். 34 கலை, அதாவது ஒரு பாகையில் பாதிக்குச் சற்று மேல். இவ்விரண்டு எண்களே போதுமாயின, பூமியின் ஆரம் கிடைத்துவிட்டது. கலீஃபா மஃமூன் காலத்து அறிஞர்கள் பாலைவெளியில் நடந்து நடந்து அளந்ததை இவர்கள் ஒரு மலையுச்சியில் நின்றே முடித்தார்கள். ஒளியே வராத கருந்துளையின் நிறையை, அதனைச் சுற்றும் விண்மீன்களின் வேகத்தைக் கொண்டு இன்றைய வானியலார் கணிப்பதும் இவ்வழியிலேயே: தெரிவதை அளந்து, தெரியாததை அறிதல்.

இத்தனை உழைப்பும் எதற்காக? ஊர்களின் இருப்பிடங்களை நிர்ணயிக்கும் தமது நூலை அவர்கள் கி.பி. 1025-இல் நிறைவு செய்தார்கள். கஜ்னியின் கிப்லாவைச் சரியாகக் காண்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. ஒரே வழியை நம்பாமல், பல வழிகளில் கணித்து ஒப்பிட்டார்கள். தாமாக விரும்பி வராத அந்நகரிலேயே ஹிஜ்ரி 440 வாக்கில் வஃபாத்தானார்கள்.