திறந்த வானம்

டுவைட் ஐசனோவர் 1890 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். கான்சாஸ் மாநிலத்து அபிலீன் என்னும் ஊரில் வளர்ந்தார். அன்னையார் போரை அறவே வெறுத்தவர். மைந்தரோ படைப்பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்து 1915 இல் தேறினார்.

இரண்டாம் உலகப் போரில் மேற்கு ஐரோப்பாவில் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு அவரை அடைந்தது. 1944 ஜூன் 6 இல் அப்படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. அதற்கு முன்னரே விமானங்கள் அக்கரைமீது பன்முறை பறந்து, பகைவரின் பீரங்கிகளையும் தடைகளையும் நிழற்படம் எடுத்து வந்திருந்தன. அத்தகைய படங்களின் அருமையை ஐசனோவர் நன்குணர்ந்தார்.

1953 இல் அவர் குடியரசுத் தலைவரானார். அக்காலத்தில் அமெரிக்காவும் சோவியத்து நாடும் அணுப்படைக்கலங்களைப் பெருக்கி வந்தன. மற்றவர் எந்நேரம் திடீரெனத் தாக்குவாரோ என்பதே இரு சாராரின் அச்சம். 1955 ஜூலை 21 அன்று ஜினீவாவில் நான்கு வல்லரசுகளின் தலைவர்கள் கூடியிருந்தனர். இரு நாடுகளும் தம் படைநிலையங்களின் வரைபடங்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும், ஒருவர் நாட்டின்மீது மற்றவர் விமானம் பறந்து படம் எடுக்க இசைய வேண்டும் என்றும் ஐசனோவர் அங்கே கூறினார். பெருந்தாக்குதலுக்குரிய ஆயத்தத்தை வானிலிருந்து நோக்குவார்க்கு மறைத்தல் அரிது என்பது அவர் கருத்து. அவர் பேசி முடித்ததும் இடி இடித்து, மண்டபத்து விளக்குகள் அணைந்தன.

சோவியத்துத் தலைவர் குருசேவ் அன்றே அதனை ஒற்றுவேலை என்று மறுத்தார். அவர் ஐயம் முற்றும் காரணமற்றதன்று. அமெரிக்காவைப் பற்றிய செய்திகள் பல, கடைகளில் விற்கும் நூல்களிலேயே கிடைத்தன. சோவியத்து நாடோ மூடிய வீடாக இருந்தது. கதவு திறந்தால் ஊதியம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கே.

மறு ஆண்டு, ஐசனோவரின் ஒப்புதலுடன், யூ-2 என்னும் விமானங்கள் சோவியத்து நாட்டின்மீது மிக உயரத்தில் மறைவாகப் பறந்தன. 1960 மே 1 இல் அவற்றுள் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அது வானிலை ஆராயச் சென்று வழிதவறிய விமானம் என்று அமெரிக்க அரசு முதலில் சாதித்தது. சோவியத்து அரசோ, உயிருடன் பிடித்த விமானியையே உலகின்முன் காட்டியது. பாரிஸ் மாநாடு குலைந்தது. ஐசனோவர் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். எனினும், வெளிப்படையாகக் கேட்டதை மறைவாக எடுத்துக்கொண்ட இச்செயல் அவர் புகழுக்கு ஒரு மாசே ஆகும்.

அவர் 1969 இல் மறைந்தார். 1972 இல் அமெரிக்கா ஏவிய லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்கள் படைத்துறைக்கு உரியன அல்ல; எந்நாட்டவரும் விலைகொடுத்துப் பெறத்தக்கன. 1986 இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது சோவியத்து அரசு செய்தியை அடக்கியே வெளியிட்டது. லேண்ட்சாட் படமும் பிரான்சு நாட்டு ஸ்பாட் கோளின் படமும் அவ்விடத்தை உலகினர்க்குக் காட்டின. 1992 இல் ஹெல்சிங்கியில் திறந்த வான ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. ஐசனோவர் கேட்ட விமானப் பயணங்கள் அதன்படி முறையாக நடந்தன. எடுத்த படங்களை உறுப்பு நாடுகள் யாவும் பெறலாம். அமெரிக்கா 2020 இலும் ரஷ்யா 2021 இலும் அவ்வொப்பந்தத்தினின்று விலகின. லேண்ட்சாட் படங்களோ 2008 முதல் எவர்க்கும் விலையின்றி வழங்கப்பட்டு வருகின்றன.