சிடி ஸ்கேனுக்குள் ஒரு சென்னைப் பேராசிரியர்: யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

கம்பம் பக்கம் பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவரை தேனிக்குக் கொண்டுபோனால், சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அந்த மெஷின் நேரடியாகப் படம் எடுப்பதில்லை. பல கோணங்களில் உடலுக்குள் பாயும் எக்ஸ்ரே எவ்வளவு குறைந்து வெளியே வருகிறது என்று அளக்கும், அவ்வளவுதான். அந்த எண்களைப் படமாக்குவதுதான் பெரிய வேலை.

அந்த வேலையைச் சுருக்கியவர் ஜி.என்.ராமச்சந்திரன். 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், சர் சி.வி.ராமனின் மாணவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியரானார். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் வடிவத்தை எக்ஸ்ரே வைத்தே கண்டுபிடித்தார்.

1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, நீளமான ஃபூரியர் கணக்கு இல்லாமலே படத்தை உருவாக்கும் வழியைச் சொன்னார். கம்ப்யூட்டருக்கு நேரம் மிச்சம். இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு ‘ராம்-லாக் ஃபில்டர்’ என்று பெயர். 1979-ல் சிடி ஸ்கேனுக்கான நோபல், ஹவுன்ஸ்ஃபீல்டு, கார்மாக் இருவருக்கும் போனது. இவர் பெயர் அதில் இல்லாதது உறுத்தத்தான் செய்கிறது. 2001-ல் சென்னையில் காலமானார்.