ஜனவரி 4: என் பிறந்தநாளும் ஆறு புள்ளிகளும்



ஜனவரி மாதச் சுவர் இதழுக்கு 'இந்த நாளில் பிறந்தவர்' பகுதியை என்னை எழுதச் சொன்னார் எங்க தமிழம்மா. எந்த நாளை எடுக்கிறதுன்னு யோசிக்கவே இல்லை. ஜனவரி 4-ஐ எடுத்துக்கிட்டேன். ஏன்னா அது என் பிறந்தநாள்! என் பிறந்தநாளில் பெரிய சினிமா நட்சத்திரமோ கிரிக்கெட் வீரரோ பிறந்திருப்பார், வகுப்பில் பெருமையா சொல்லிக்கலாம்னு ஆசை. நூலகத்துக்கு ஓடினேன். கிடைத்த பட்டியலைப் பாருங்க.

ஜனவரி 4-இல் பிறந்தவர்கள்

* 1643: ஐசக் நியூட்டன். (இங்கிலாந்தில் அப்போது இருந்த பழைய காலண்டர்படி அவர் பிறந்தது 1642 டிசம்பர் 25. இன்றைய காலண்டருக்கு மாற்றினால் ஜனவரி 4 வரும்.)
* 1785: யாக்கோபு கிரிம். தம்பியோடு சேர்ந்து ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவர்.
* 1809: லூயி பிரெயில்.
* 1813: ஐசக் பிட்மன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அக்காமார் படிக்கிற சுருக்கெழுத்தை உருவாக்கியவர்.
* 1892: ஜே.சி. குமரப்பா. நம்ம தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர்.

ஜனவரி 4-இல் நடந்தவை

* 1948: பர்மா விடுதலை அடைந்தது.
* 1958: முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்-1 பூமிக்குத் திரும்பி விழும்போது எரிந்து போனது.
* 2004: 'ஸ்பிரிட்' ஊர்தி செவ்வாய்க் கோளில் இறங்கியது.
* 2010: துபாயில் 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபா திறக்கப்பட்டது.

நியூட்டனைப் பார்த்ததும் அவரைப் பற்றியே எழுதிடலாம்னு பேனாவைத் திறந்தேன். ஆனா மூன்றாவது பெயரில் கண் நின்னுடுச்சு. அதற்கு ஒரு காரணம் இருக்கு. அதைக் கடைசியில் சொல்றேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு. முதலில் அவர் கதை.

தோல் பட்டறையில் ஒரு குழந்தை

பிரான்ஸ் நாட்டில், பாரிஸ் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் கூப்வ்ரே என்று ஒரு சிற்றூர். அங்கே சிமோன் ரெனே என்பவர் குதிரைச் சேணமும் தோல் வாரும் தைத்துப் பிழைத்து வந்தார். அவருக்கு நாலு பிள்ளைகள். கடைக்குட்டிதான் லூயி.

லூயிக்கு மூணு வயசு. அப்பா செய்வதைப் பார்த்துத் தானும் செய்யணும்னு ஆசை. ஒரு நாள் பட்டறையில் தோலில் துளை போடும் குத்தூசியை எடுத்து அழுத்தினான். அது வழுக்கி அவன் கண்ணிலேயே குத்திவிட்டது. புண் சீழ் பிடித்தது. இன்று இருக்கிற மருந்து எதுவும் அன்று கிடையாது. ஒரு கண்ணில் வந்த நோய் மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் இருண்டு போயின.

அந்தக் காலத்தில் பார்வை இல்லாத பிள்ளைகள் பலரின் கதி என்ன தெரியுமா? பிச்சை எடுப்பதுதான். லூயியின் பெற்றோர் அப்படி விடவில்லை. அப்பா கோல் செய்து கொடுத்து நடக்கப் பழக்கினார். ஊர்ப் பாதிரியார் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு மற்ற பிள்ளைகளோடு ஊர்ப் பள்ளிக்கே போனான். காதால் கேட்டே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தான். ஆனால் மற்றவர்கள் புத்தகத்தைத் திறக்கும் நேரத்தில் அவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பாரிஸ் பள்ளி

1819-ஆம் ஆண்டு, பத்து வயதில், பாரிஸில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் லூயி சேர்ந்தான். வாலன்டைன் ஹாவி என்பவர் தொடங்கிய பள்ளி அது. கட்டடம் பழசு, ஈரம் கசியும்.

அங்கே படிக்கப் புத்தகம் இருந்தது. எப்படிப்பட்ட புத்தகம்? சாதாரண எழுத்துகளையே பெரிதாக்கித் தாளில் மேடாகப் புடைத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு எழுத்தின் உருவத்தையும் விரலால் சுற்றிச் சுற்றித் தடவி, இது என்ன எழுத்து என்று கண்டுபிடிக்கணும். ஒரு வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்து போகும். புத்தகமோ தூக்க முடியாத கனம். எண்ணிக்கையும் மிகக் குறைவு. இன்னொரு பெரிய குறை: இதைப் படிக்கலாம், ஆனால் ஒரு மாணவன் தானே எழுத முடியாது. எழுத முடியாதவன் தன் மனசில் இருப்பதை எப்படித் தாளில் வைப்பான்?

1821-இல் சார்ல்ஸ் பார்பியே என்ற ராணுவ அதிகாரி ஒரு புது முறையை அந்தப் பள்ளிக்குக் கொண்டு வந்தார். இருட்டிலும் தடவிப் படிக்கும்படி தாளில் புள்ளிகளைக் குத்தும் முறை. கோடு வேண்டாம், புள்ளி போதும் என்பது அருமையான யோசனை. ஆனால் அதில் சிக்கல்களும் இருந்தன. ஒரு குறிக்கு 12 புள்ளிகள் வரை. விரல் நுனிக்குள் அடங்காது, மேலும் கீழும் தடவணும். எழுத்துக்கூட்டல் கிடையாது, ஒலிக்கு மட்டுமே குறி. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் கிடையாது.

பன்னிரண்டு வயது லூயி அதைக் கையில் எடுத்தான். பகலில் பாடம், மற்ற நேரமெல்லாம் தாளும் எழுத்தாணியும்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் விடவில்லை. மூன்று வருஷம் உழைத்தான். 1824-இல், பதினைந்து வயதில், தன் முறையை உருவாக்கி முடித்தான். நம்ம பத்தாம் வகுப்பு அண்ணன்மாரின் வயசு!

ஆறே புள்ளிகள்

லூயி செய்தது என்ன? பன்னிரண்டை ஆறாகக் குறைத்தான். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. முழு எழுத்தும் ஒரே விரல் நுனிக்குள் அடங்கிவிடும். இந்த ஆறில் எவை எவை மேடாக இருக்கின்றன என்பதை மாற்றி மாற்றி வைத்தால் 63 குறிகள் கிடைக்கும். (கணக்கு வாத்தியாரிடம் கேட்டேன். இரண்டின் அடுக்கு 6 என்றால் 64, ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தைக் கழித்தால் 63 என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினார்.)

அடுக்கியதிலும் ஒரு ஒழுங்கு. முதல் பத்து எழுத்துக்கு மேலே உள்ள நாலு புள்ளிகள் மட்டும். அடுத்த பத்துக்கு அதே வடிவங்களோடு 3-ஆம் புள்ளி. அதற்கு அடுத்தவற்றுக்கு 6-ஆம் புள்ளியும் சேரும். பத்து வடிவம் தெரிந்தால் போதும், மற்றது தானாக வரும். பியானோ, ஆர்கன் வாசிப்பதில் லூயி கெட்டிக்காரர். பாரிஸில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலையும் பார்த்தவர். அதனால் இசைக்கும் இதே புள்ளிகளில் குறி அமைத்தார். 1829-இல் இந்த முறையைப் புத்தகமாக வெளியிட்டார். படித்த பள்ளியிலேயே ஆசிரியரும் ஆனார்.

தடை

இவ்வளவு நல்ல முறையை உடனே ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீங்க? நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை! பார்வையுள்ள ஆசிரியர்களுக்கு இந்தப் புள்ளிகள் புரியவில்லை. எல்லோரும் எழுதும் எழுத்தைத்தான் இவர்களும் படிக்கணும் என்றார்கள். 1840-இல் பள்ளிக்குப் புதுத் தலைவர் வந்ததும் புள்ளி எழுத்துக்குத் தடையே வந்தது. ஆனால் மாணவர்கள் விடவில்லை. ஒளித்து வைத்துப் படித்தார்கள், ஒளித்து எழுதினார்கள். படிக்காதே என்று தடுத்தும் திருட்டுத்தனமாகப் படித்த பிள்ளைகளைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன். கடைசியில் 1844-இல் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் எல்லோர் முன்னாலும் புள்ளி எழுத்தைச் செய்து காட்டினார்கள். அதன் பிறகு தடை நீடிக்கவில்லை.

ஆனால் லூயிக்குக் காசநோய் பிடித்திருந்தது. 1852 ஜனவரி 6-ஆம் தேதி, பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள், 43 வயதில் இறந்து போனார். இரண்டு வருஷம் கழித்து, 1854-இல், அவர் பள்ளி அந்த எழுத்தை முறையாக ஏற்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. 1952-இல், நூறு வருஷம் கழித்து, பிரான்ஸின் பெருமக்களை அடக்கம் செய்யும் பாந்தியன் மண்டபத்துக்கு அவர் உடலைக் கொண்டு போனார்கள். கைகளை மட்டும் சொந்த ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

* இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான 'பாரதி பிரெயில்' 1951-இல் உருவானது. தமிழ் 'அ'வுக்கு ஒரே ஒரு புள்ளி, 1-ஆம் புள்ளி.
* 2009-இல் பிரெயிலின் 200-ஆவது பிறந்த ஆண்டுக்கு நம் நாடு இரண்டு ரூபாய் நாணயம் வெளியிட்டது.
* 2019 முதல் ஜனவரி 4 உலக பிரெயில் நாள்.

என் கதை

இப்போ அந்தக் காரணத்துக்கு வருகிறேன். நம்ம பள்ளியில் பத்தாம் வகுப்பில் பார்வை இல்லாத அண்ணன் ஒருவர் படிக்கிறார். அரையாண்டுத் தேர்வில் அவர் சொல்லச் சொல்ல எழுதியது நான்தான். சமூக அறிவியல் தேர்வு. கடைசி அரை மணி நேரம். எனக்குக் கை வலி. அவர் ஒரு கேள்விக்கு ஆறு குறிப்பு சொன்னார். நான் மூணுதான் எழுதினேன். ஆறும் எழுதினியாம்மா என்று கேட்டார். ஆமாண்ணா என்று சொல்லிவிட்டேன்.

விடைத்தாள் வந்தபோது அந்தக் கேள்விக்குப் பாதி மதிப்பெண்தான். ஆசிரியர் விடையை வாசித்துக் காட்டியபோதுதான் அவருக்குத் தெரிந்திருக்கு. என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு.

லூயி ஏன் மூன்று வருஷம் உட்கார்ந்து புள்ளி குத்தினார் என்று அந்தப் பட்டியலைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இன்னொருத்தர் கையை நம்பி இருக்கக் கூடாது, தானே எழுதணும், எழுதியதைத் தானே தடவிச் சரிபார்க்கணும். என்னை மாதிரி ஒருத்தி கை வலிக்குதுன்னு பாதியை விழுங்கிவிட்டால் அவர் என்ன செய்வார்?

அந்த அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பிரெயில் பலகையையும் எழுத்தாணியையும் எடுத்துக் காட்டினார். வலமிருந்து இடமாகக் குத்தணும், தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கணும். நான் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி குழம்பிப் போனேன். 'அ' ஒன்றுதான் ஒழுங்கா வந்தது! அடுத்த தேர்வுக்கும் நானே எழுதுகிறேன் என்று கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை ஒவ்வொரு விடையையும் எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

இன்னொன்றும் அவர் சொன்னார். இந்தச் சுவர் இதழ் முன்னாடி எல்லோரும் கூட்டமா நின்று சிரிக்கிற சத்தம் அவருக்குக் கேட்குமாம். என்ன எழுதியிருக்குன்னு மட்டும் தெரியாதாம். மூணு வருஷமா நான் இந்தச் சுவரில் எழுதுகிறேன், ஒரு நாளும் இது எனக்குத் தோன்றவில்லை.

அதனால் இந்தத் தாளின் கீழ் மூலையில், கை எட்டும் உயரத்தில், ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். இந்தக் கட்டுரையின் சுருக்கத்தை அந்த அண்ணனே பிரெயிலில் குத்தித் தந்தது. இனி மாதாமாதம் ஒரு அட்டை வரும். நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்க. மெதுவா தடவுங்க, அழுத்தினால் புள்ளி அமுங்கிவிடும்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி