மணலூர் மணியம்மையும் பெயர் எழுதப்படாத தோழியரும்

கீழத்தஞ்சையின் விவசாயத் தொழிலாளர் வரலாற்றை நாம் பெரும்பாலும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரிலிருந்தே தொடங்குகிறோம். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அம்மண்ணின் சேரிகளில் சங்கம் கட்டிய மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை நம் மாணவத் தோழர்கள் அறிந்தாக வேண்டும்.

பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த அவர், சிறுவயதிலேயே வயதில் மிக மூத்த ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டு, இளமையிலேயே கணவரை இழந்தார். மழித்த தலையும் மூலையில் ஓர் இடமுமே அவருடைய சாதி கைம்பெண்ணுக்கு விதித்தவை. அவர் அவற்றை ஏற்கவில்லை. மணலூரில் பண்ணை வேலைகளைத் தாமே மேற்பார்த்தபோதுதான் பண்ணையாட்களின் வாழ்வை நெருங்கிக் கண்டார். முதலில் காங்கிரசில் இயங்கிய அவர், அங்கே நிலவுடைமைக்கு எதிரான குரல் எழாததைக் கண்டு கம்யூனிஸ்ட் இயக்கத்தில் இணைந்தார்.

அன்றைய பண்ணையடிமை முறை சாதியையும் நிலத்தையும் ஒரே கயிற்றில் பிணைத்திருந்தது. தலித் ஆண் பண்ணையாளாக இருந்தால் அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் சேர்த்தே ஆண்டையின் உடைமையாகக் கருதப்பட்டனர். நடவு, களையெடுப்பு, அறுவடை என வயலில் முதுகொடிந்த பெண்கள் மாட்டுக்கொட்டிலிலும் சாணம் அள்ளினர். எதிர்த்தவருக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகள். இவற்றுக்கு எதிராகச் சங்கம் நடத்திய போராட்டங்களின் விளைவே 1944ஆம் ஆண்டின் மன்னார்குடி ஒப்பந்தம். அடியையும் சாணிப்பாலையும் கைவிட நிலவுடைமையாளர்கள் அதில் இணங்க வேண்டியதாயிற்று. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

இக்காலம் முழுவதும் மணியம்மை ஊர் ஊராக நடந்தார். தலைமுடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் அணிந்தார்; சிலம்பமும் கற்றார். இக்கோலத்தை விந்தையாகக் காட்டுவதோடு நின்றுவிடும் எழுத்துகளை நாம் ஏற்பதற்கில்லை. விதவைக் கோலத்தை மறுத்த உடை அது. இரவில் வரப்பில் நடந்து சேரிக்குச் செல்லும் ஊழியருக்கு ஏற்ற உடையும் அதுவே. கட்சி தடைசெய்யப்பட்ட காலத்தில் அவர் சிறையும் சென்றார். 1953இல் திருவாரூருக்கு அருகே பூந்தாழங்குடியில் மான் முட்டி உயிரிழந்தார்.

பல்லாண்டுகளுக்குப் பின் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் அவ்வூர்களுக்குச் சென்று, மணியம்மையை அறிந்தவர்களின் நினைவுகளைக் கேட்டுத் திரட்டி, 'பாதையில் பதிந்த அடிகள்' என்னும் நாவலை எழுதினார். ஏட்டில் ஏறாத ஒரு வாழ்க்கை எளிய மக்களின் நினைவிலிருந்தே மீட்கப்பட்டது.

இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. மணியம்மையின் பெயர் மீண்டது. அவருக்குக் கூழ் ஊற்றி, போலீசாரின் கண்ணிலிருந்து மறைத்து, கைக்குழந்தையோடு ஊர்வலத்தில் நடந்த தலித் பெண்களின் பெயர்கள் எங்கே? மேலிருந்து இறங்கிவந்த மீட்பராக மட்டும் அவரைப் போற்றினால், சேரியில் முன்பே கனன்றுகொண்டிருந்த சினத்தை நாம் மறைத்தவராவோம். தன் சாதியின் வேலியை உடைத்து வந்த அவருக்கு அரசியலின் பொருளைக் கற்பித்தவர்களில் அப்பெண்களும் உண்டு.

அத்தலைமுறையில் எஞ்சியோர் மிகச் சிலர். ஆனால் தாயும் பாட்டியும் சொன்னவற்றை நெஞ்சில் வைத்திருக்கும் மகள்கள் இன்னும் வயலில் நாற்று நடுகின்றனர். அவர்களிடம் சென்று, பெயரும் ஊரும் கூலிக்கணக்கும் கேட்டு எழுதுவதை நம் கல்லூரித் தோழர்கள் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.