அறிஞர் யோன்சனும் காலக் கணக்கும்

காலத்தை எவ்வாறு கழித்தல் வேண்டும் என்னும் வினாவுக்குச் சமயத்தோர் ஒரு விடை கூறுவர். சமயத்தில் ஐயங்கொண்டோர் வேறொரு விடை கூறுவர். வாழ்நாள் என்பது இறைவன் நம்மிடம் ஒப்புவித்த முதல், அதற்குக் கணக்குக் கேட்கப்படும் நாள் ஒன்றுண்டு என்பது முன்னவர் கொள்கை. கணக்குக் கேட்பார் எவருமிலர், ஆதலின் உள்ள நாள்களை மனவமைதியோடும் பயனோடும் வாழ்ந்து முடிப்பதே அறிவுடைமை என்பது பின்னவருட் சிலர் கொள்கை. இவ்விரு கொள்கைகளும் ஏட்டளவில் நில்லாது, ஒரே காலத்தில் வாழ்ந்த பேரறிஞர் இருவரின் வாழ்வில் நின்று நிலவியதைப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவிற் காண்கின்றோம். ஒருவர் ஆங்கில அகராதி தந்த சாமுவேல் யோன்சன். மற்றவர் ஸ்கொத்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம். இவருள் யோன்சனின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுந்து, ஹியூமை வேண்டுமிடத்து ஒப்புநோக்குவாம்.

யோன்சன் 1709 ஆம் ஆண்டு செப்டெம்பர் 18 ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள லிச்பீல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மைக்கேல் புத்தக வணிகர். குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் பற்றியமையால் ஒரு கண்ணின் பார்வை பெரிதும் கெட்டது; செவிப்புலனும் குறைந்தது. ஆயினும் தந்தையாரின் கடையிலிருந்த நூல்களை அவர் அடங்காப் பசியோடு படித்தார். 1728 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் பெம்புறோக் கல்லூரியிற் சேர்ந்த அவர், வறுமை காரணமாகப் பதின்மூன்று மாதங்களிற் பட்டம் பெறாமலே வெளியேறினார்.

இளமையில் அவர் சமயத்தைப் பொருட்படுத்தியவரல்லர். அதனை எள்ளிப் பேசும் வழக்கமும் அவருக்கிருந்தது. ஒக்ஸ்போட்டில் வாழ்ந்த நாள்களில் வில்லியம் லோ என்பார் எழுதிய சமய வாழ்க்கை பற்றிய நூலொன்று அவர் கைக்கு வந்தது. சுவையற்றதாயிருக்கும், நகைத்தற்கேனும் உதவும் என்று எண்ணி அதனைத் திறந்தவர், அந்நூலாற் பிணிக்கப்பட்டார். அன்று தொடங்கிய சமயச் சிந்தனை அவரை இறுதிவரை விட்டகன்றதில்லை. அச்சிந்தனையோடு அச்சமொன்றும் உடன் வந்தது. எசமான் ஒருவன் தன் ஊழியர் மூவருக்கு ஐந்தும் இரண்டும் ஒன்றுமாகத் தாலந்துகளை ஒப்புவித்துச் சென்றான் என்றும், ஒன்றைப் பெற்றவன் அதனை நிலத்திற் புதைத்து வைத்துத் தண்டனை பெற்றான் என்றும் கிறித்தவ வேதாகமம் ஓர் உவமை கூறும். தாமும் பெற்ற பேராற்றலைச் சோம்பலினாற் புதைத்துவிட்டவராவோமோ என்பதே யோன்சனை வாழ்நாள் முழுதும் வாட்டிய கவலை.

1735 இல் எலிசபெத் போட்டர் என்னும் கைம்பெண்ணை மணந்து, ஊரருகே ஒரு பாடசாலையை நிறுவினார். மாணவர் மிகச் சிலரே சேர்ந்தனர். அப்பள்ளி நிலைக்கவில்லை. 1737 இல், அங்கே பயின்றவரும் பின்னர்ப் பெரும்புகழ் பெற்ற நடிகரானவருமாகிய டேவிட் கரிக்குடன் இலண்டன் மாநகருக்குப் புறப்பட்டார். சஞ்சிகைகளுக்கு எழுதியே பல்லாண்டுகள் வயிறு வளர்த்தார்.

1746 இல் ஆங்கில அகராதியொன்று தொகுத்தற்கு நூல்வெளியீட்டாளரோடு உடன்படிக்கை செய்தார். மூன்றாண்டிலே முடித்துவிடுவதாகக் கருதிய அவ்வேலை ஏறத்தாழ ஒன்பதாண்டு கொண்டது. படியெடுக்கும் உதவியாளர் அறுவரை மாத்திரம் உடன் வைத்துக்கொண்டு, கோஃப் சதுக்கத்து வீட்டு மேன்மாடத்திலிருந்து அவர் தொகுத்த அகராதி, 42,000 க்கு மேற்பட்ட சொற்களுடன் 1755 இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. இவ்வேலைக்கிடையே 1750 முதல் 1752 வரை கிழமைக்கு இருமுறை வெளிவந்த இதழொன்றில் 208 கட்டுரைகள் வெளியிட்டார். அவற்றுட் சிலவே பிறர் எழுதியவை. 1759 இல் அன்னையார் இறந்தபோது ஈமச்செலவுக்குப் பொருள் வேண்டி, ஒரு கிழமையின் மாலை வேளைகளில் ‘இராசலஸ்’ என்னும் கதைநூலை எழுதி முடித்தார்.

இத்துணை உழைத்தவர் தம்மைச் சோம்பேறி என்றே கருதினார் என்பது வியப்புக்குரியது. அவர் எழுதிவைத்த பிரார்த்தனைகளும் தியானங்களும் இறந்த பின்னர் 1785 இல் அச்சேறின. புத்தாண்டு நாளிலும், பிறந்த நாளிலும், உயிர்த்த ஞாயிறுக் காலத்திலும் அவர் தம்மையே விசாரணை செய்துகொண்டார். காலையில் வேளைக்கு எழுவேன், ஒழுங்காகப் படிப்பேன், நாளை வீணாக்கேன் என்று தீர்மானிப்பார். அடுத்த ஆண்டு ஏட்டைத் திறந்து, தீர்மானம் நிறைவேறவில்லை எனக் கண்டு வருந்தி, மீண்டும் அதனையே தீர்மானிப்பார். நண்பகல்வரை படுக்கையிற் கிடத்தலும் நள்ளிரவுக்குப் பின்னும் தேநீர் அருந்திக்கொண்டு உரையாடலும் அவரை விட்டு நீங்கவில்லை. இக்குற்றச்சாட்டு முற்றும் பொய்யன்று. சேக்சுபியர் நாடகப் பதிப்புக்கென முற்பணம் கொடுத்தோர் பலர். 1756 இல் அறிவிக்கப்பட்ட அப்பதிப்பு 1765 இலேதான் வெளிவந்தது. இத்தாமதத்தைக் கவிஞரொருவர் வெளிப்படையாகவே எள்ளிப் பாடினார்.

அவர் வைத்திருந்த கைக்கடிகையின் முகத்தில், இரவு வருகின்றது என நினைவூட்டும் வேதாகமத் தொடரொன்று கிரேக்க எழுத்திற் பொறிக்கப்பட்டிருந்தது. சில காலத்தின் பின் அவர் அந்த முகத்தகட்டை நீக்கிவிட்டார். தனியறையிலுள்ள கடிகாரத்துக்கு அது தகும்; பலர் காணக் கொண்டு திரிவதற்குத் தகாது, பக்தியை விளம்பரப்படுத்துவதாகப் பிறர் கருதுவர் என்பது அவர் நண்பர் பொஸ்வெல்லுக்குக் கூறிய காரணம். அச்சம் உள்ளத்திலே எழுதப்பட்டிருந்தமையால் தகட்டில் எழுத்து வேண்டியதில்லைப் போலும்.

இனி ஹியூமை நோக்குவாம். 1711 இல் எடின்பரோவிற் பிறந்த அவர் மறுமையை நம்பாதவர். 1776 ஆம் ஆண்டிலே தீராத வயிற்று நோய் அவரை வருத்தியது. யூலை மாதம் 7 ஆம் நாள் பொஸ்வெல் அவரைப் பார்க்கச் சென்றார். மரணத்தை அணுகும் ஐயவாதி எவ்வாறிருப்பார் என அறிதலே வந்தவர் விருப்பம். மெலிந்த உடலோடும் மலர்ந்த முகத்தோடும் ஹியூம் உரையாடினார். பிறப்பதற்கு முன் இல்லாதிருந்தமை ஒருவனை வருத்தாதவாறே, இறந்தபின் இல்லாதொழிவதும் வருத்தாது என்பது அவர் கொண்ட நிலை. இறந்தோரை ஆற்றைக் கடத்தும் ஓடக்காரனைப் பற்றிய பழைய கிரேக்க நூலைப் படித்துவிட்டு, அவனிடம் தவணை கேட்க என்ன சாக்குக் கூறலாம் என நண்பர் அடம் சிமித்துடன் வேடிக்கையாக ஆராய்ந்தார். தகுந்த சாக்கு ஒன்றும் அகப்படவில்லை. இறுதிவரை தம் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்து, அவ்வாண்டு ஓகஸ்ட் 25 ஆம் நாள் அமைதியாக இறந்தார். பொஸ்வெல் இவற்றைச் சொல்லக் கேட்ட யோன்சன் அந்த அமைதியை மெய்யென நம்ப மறுத்துவிட்டார்.

கணக்கை எண்ணி அஞ்சியவர் காலத்தை வீணாக்கினோமென்று நடுங்குகின்றார். கணக்கே இல்லையென்றவர் கலங்காது செல்கின்றார். அவ்வாறாயின் சமயத்தோரின் விடை துன்பத்தையன்றி வேறொன்றையும் தருவதில்லையோ என ஒருவர் வினவலாம். விடை யோன்சனின் வீட்டுக்குள்ளேயே கிடைக்கின்றது.

1762 இல் அரசர் ஆண்டுக்கு 300 பவுண் உபகாரச் சம்பளம் வழங்கியபின் யோன்சனின் வறுமை நீங்கியது. அவ்வருவாயிற் பெரும்பகுதி ஆதரவற்றோருக்கே சென்றது. அன்னா வில்லியம்ஸ் என்னும் பார்வையற்ற புலமைப்பெண் அவருடைய ஆதரவில் வாழ்ந்தார். எவ்வளவு நேரஞ்சென்று வந்தாலும் யோன்சன் அவருடன் தேநீர் அருந்தாது உறங்கச் செல்வதில்லை. யமைக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற பிரான்சிஸ் பார்பரைப் பள்ளிக்கு அனுப்பிப் படிப்பித்தார். தெருவில் வலுவிழந்து கிடந்த ஏழைப்பெண் ஒருத்தியைத் தம் முதுகிற் சுமந்து வந்து வீட்டில் வைத்து நோய் தீர்த்தார். இவற்றுக்குச் சென்ற நாழிகைகள் எத்தனை! தம்மைக் கடிந்தெழுதிய போது அவர் இவற்றை வரவாக வைத்தெண்ணவில்லை.

அவ்வீட்டில் வாழ்ந்த மற்றொருவர் றொபேட் லெவெற். பட்டம் பெறாத வைத்தியர். இலண்டன் ஏழைகளின் இருண்ட வீடுகளுக்கு நாடோறும் நடந்து சென்று மருந்து கொடுத்தவர். கொடுத்ததைப் பெற்றார், கொடுக்க இயலாதோரிடம் வற்புறுத்திக் கேட்டதில்லை. 1782 சனவரியில் அவர் இறந்தபோது யோன்சன் ஓர் இரங்கற்பா இயற்றினார். ஆண்டுதோறும் தம்மை அச்சுறுத்திய தாலந்து உவமையை அதிலே எடுத்தாண்டு, ஒரேயொரு தாலந்து பெற்ற லெவெற் அதனை நன்கு பயன்படுத்தினார் என்று தீர்ப்பளித்தார். புகழோ நூலோ விட்டுச் செல்லாத ஒருவர், அன்றன்று வந்த கடமையை அன்றன்றே செய்தமையால் கணக்கிலே தேறிவிட்டார் என்பது இதன் கருத்து. தமக்குக் கொடுக்கத் துணியாத தீர்ப்பைத் தம் நண்பருக்கு யோன்சன் மனமுவந்து கொடுத்தார்.

1783 இல் வாதநோயால் பேச்சிழந்து மீண்ட அவர், 1784 டிசெம்பர் 13 ஆம் நாள் உயிர் நீத்தார். தெளிந்த அறிவோடு இறைவனைச் சேர விரும்பி, இறுதி நாள்களில் நோவு தணிக்கும் அபினி மருந்தையும் மறுத்தார். தம் உடைமையிற் பெரும்பகுதியைப் பார்பருக்கே எழுதிவைத்தார். வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்தில் அவருடல் அடக்கஞ்செய்யப்பட்டது.

யோன்சனை அதிகாலையில் எழச்செய்ய அச்சத்தால் இயலவில்லை. ஆனால் இரக்கம் அவரை நள்ளிரவிலும் நடக்கச் செய்தது. கடமை ஒன்பதாண்டு எழுதச் செய்தது. ஹியூமின் அமைதியும், செய்யவேண்டியதைச் செய்து முடித்தவனின் அமைதியே. கொள்கையால் வேறுபட்ட இருவரும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றனர். கல்லூரி வாயிலைக் கடந்து பல்லாண்டு சென்றோர், எண்ணியவாறு யாதும் முடியவில்லையே என்று ஏங்குதல் இயல்பு. அவர்கள் யோன்சனைப்போலத் தம் கணக்கில் வரவை மறந்துவிடலாகாது. மாணவர்களோ, தீர்மானங்களை ஏட்டில் எழுதுவதோடு அமையாது, இன்று கையிலுள்ள ஒன்றை இன்றே செய்து முடிக்க முயல்வார்களாக. லெவெற் செய்தது அவ்வளவே. பேரறிஞராகிய யோன்சன் பொறாமை கொள்ளத்தக்க வாழ்வும் அதுவே.