சீனக் கதைஞர் பு சோங்லிங்

நீரில் மூழ்கி இறந்தோரின் ஆவி அமைதியுறாது என்னும் எண்ணம் பல நாடுகளிலும் உண்டு. சீன மக்களோ அதற்கென ஒரு தனி விதியையே வகுத்துக்கொண்டனர். ஆற்றில் மாண்டவன் அவ்வாற்றிலேயே சிறைப்பட்டுக் கிடப்பான். வேறொருவன் அங்கே மூழ்கி மடிந்தாலன்றி அவனுக்கு விடுதலையும் இல்லை, மறுபிறப்பும் இல்லை. ஆதலின் கரையில் நடப்போரை உள்ளிழுக்க அவன் காலம் பார்த்திருப்பான். இதனை மாற்றாள் தேடுதல் என்று அந்நாட்டார் வழங்குவர். இக்கொடிய நம்பிக்கையைக் கையிலெடுத்து, அதனுள்ளிருந்தே அருள் சுரக்கச் செய்த பெருமை ஓர் ஏழை ஆசிரியரைச் சாரும். அவரே பு சோங்லிங் என்பார்.

பிறப்பும் இளமையும்

ஷாந்துங் மாகாணத்தில் ட்ஸிச்வான் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் 1640ஆம் ஆண்டு இவர் பிறந்தார். இவர் பிறந்த இரவில், மார்பில் மருந்துப் பற்று ஒட்டிய நோயுற்ற துறவி ஒருவர் வீட்டினுள் நுழையக் கண்டதாகத் தந்தையார் கனாக் கண்டார் என்றும், குழந்தையின் மார்பில் அதே இடத்தில் கரிய மறு இருந்தது என்றும் இவரே தம் நூன்முகத்தில் எழுதியுள்ளார். 1644ஆம் ஆண்டு மிங் அரசு வீழ்ந்து மஞ்சூரியர் ஆட்சி வந்தது. தந்தையார் கல்வியிற் சிறந்தவராயினும் பதவி வாய்க்காமையால் வாணிகத்தில் இறங்கியவர். வறுமையால் மைந்தர்க்குத் தாமே ஆசிரியராய் அமைந்தார்.

1658ஆம் ஆண்டில், சீனர் கணக்கின்படி பத்தொன்பதாம் வயதில், சோங்லிங் முதல்நிலைத் தேர்வு மூன்றினும் முதல்வராகத் தேறினார். ஷி ருன்சாங் என்னும் புகழ்பெற்ற அறிஞர் அவர் கட்டுரையை வியந்து பாராட்டினார். ஊரார் அவரை வருங்கால அமைச்சராகவே எண்ணினர்.

தோல்வியின் நெடுவழி

ஆனால் அவ்வெற்றியே அவர் பெற்ற கடைசித் தேர்வு வெற்றியாயிற்று. அடுத்த படியாகிய மாகாணத் தேர்வு மூன்றாண்டுக்கு ஒருமுறை நடைபெறும். எட்டு உறுப்புடைய கட்டுரையை இம்மியும் பிறழாது எழுதுதல் வேண்டும். சோங்லிங் மீண்டும் மீண்டும் சென்றார்; மீண்டும் மீண்டும் வெறுங்கையராய்த் திரும்பினார். 1687ஆம் ஆண்டுத் தேர்வில் விரைந்து எழுதியவர், தாள்களின் ஒழுங்கை மீறி ஒரு பக்கத்தைக் கடந்து எழுதிவிட்டமையால் தள்ளப்பட்டார். ஐம்பதைக் கடந்தும் அவர் ஆசை தணியாமை கண்ட மனைவியார், பதவி பெறும் ஊழ் இருந்திருப்பின் இதற்குள் பெற்றிருப்பீர், இனியேனும் ஓய்வு கொள்ளலாகாதோ என்று கூறித் தடுத்தனர். குடும்பத்தின் பாரத்தை இளமை முதல் தாங்கியவர் அவ்வம்மையாரே அன்றோ!

வயிறு வளர்த்தற்கு வழி வேண்டுமே! 1670ஆம் ஆண்டில், வெள்ளத்தால் அலைவுறும் பாவ்யிங் என்னும் தென்னாட்டு நகரின் தலைவராயிருந்த நண்பரிடம் எழுத்தராய் அமர்ந்தார். ஓராண்டளவில் அதனை விடுத்து ஊர் திரும்பினார். 1679 முதல் பீ என்னும் செல்வக் குடும்பத்தில் பிள்ளைகட்கு ஆசிரியராய் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார்.

கதைத் தொகுதி

பகலில் பிறர் மக்களைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்தவர், இரவில் பேய்களையும் நரிப்பெண்களையும் பற்றி எழுதினார். ஊர்ப்புறத்தே வழிப்போக்கர்க்குத் தேநீர் வழங்கிக் கதை கேட்டார் எனச் செவிவழிச் செய்தி உண்டு. நண்பர் பலர் நாற்றிசையினின்றும் கதைகளை எழுதி அனுப்பினர் என்பது அவரே உரைப்பது. அவற்றின் தொகுதியே, அவரது படிப்பறையின் பெயரால் லியாவ்சாய் கதைகள் என வழங்கும் நூல். அதில் ஏறத்தாழ 500 கதைகள் உள்ளன. எழுதிய கட்டுரையை எரித்து அச்சாம்பலை முகர்ந்தே அதன் தரத்தை அறியும் குருட்டுத் துறவியின் கதையும் அதில் ஒன்று. கண்ணிருந்தும் காணாத தேர்வாளரை இதனினும் நயமாக எள்ளுதல் அரிது.

அத்தொகுதியில் நீர்ப்பேயின் கதை தலைசிறந்தது. ட்ஸிச்வானின் வடபால் வாழ்ந்த ஷு என்னும் செம்படவன், இரவுதோறும் மது அருந்துகையில் ஆற்றில் மாண்டோர்க்கென்று சிறிது மதுவை நிலத்தில் வார்ப்பான். பிறர்க்கு மீன் கிட்டாத இரவிலும் அவன் கூடை நிறையும். ஓரிரவு இளைஞன் ஒருவன் வந்து உடனமர்ந்து மது அருந்தினான். வாங் குடியில் ஆறாம் மகன் எனத் தன்னை அறிவித்தான். அரையாண்டு நட்பின் பின், தான் குடிமயக்கத்தால் அவ்வாற்றில் வீழ்ந்து இறந்த பேய் என்பதையும், மறுநாள் நண்பகலில் ஒரு பெண் தனக்கு மாற்றாக வீழ்வாள் என்பதையும் கண்ணீரோடு உரைத்து விடைபெற்றான்.

மறுநாள் செம்படவன் கரையிற் காத்திருந்தான். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் நீரில் வீழ்ந்தாள். குழந்தை கரையிற் கிடந்து கைகால் உதைத்து அலறியது. அவள் பலகால் மூழ்கி எழுந்து, பின் எவ்வாறோ கரையேறிப் பிள்ளையை அணைத்துக்கொண்டு சென்றாள். அன்றிரவு இளைஞன் மீண்டும் வந்தான். தன் ஒருவன் விடுதலைக்காகத் தாயும் சேயுமாகிய இரண்டு உயிரை மாய்க்க மனம் வரவில்லை என்றான். சின்னாட்களில் அவ்வருட்செயல் விண்ணுலகை எட்டியது. தொலைவிலுள்ள ஓர் ஊரின் காவல் தெய்வமாக அவன் அமர்த்தப்பட்டான். ஏழை நண்பன் தன்னைக் காண வந்தபோது ஊரார் கனவில் தோன்றி வரவேற்கச் செய்தான். அவன் திரும்புகையில் சுழற்காற்றாய் வழித்துணையும் சென்றான்.

இக்கதையின் இறுதியில் ஆசிரியர், உயர்நிலை உற்றும் பழைய வறிய நட்பை மறவாமையைப் போற்றுகின்றார். யான் இதனுள் மற்றொன்றும் காண்கின்றேன். ஒருவன் ஏறுதற்கு மற்றொருவன் வீழ்தல் வேண்டும் என்பதே அவ்வாற்றின் விதி. இடங்கள் சிலவாய், நாடுவோர் பலராயிருந்த தேர்வுக்கூடத்தின் விதியும் அதுவே. அவ்விதியின்கீழ் அரைநூற்றாண்டு காத்துக்கிடந்தவர், தம் முறை வந்தும் அதனைக் கைவிட்ட ஒரு பேயைப் படைத்தார். பேய் இழந்தது விடுதலை, பெற்றதோ தெய்வநிலை. மண்ணுலகத் தேர்வாளர் காணாத தகுதியை விண்ணுலகம் கண்டது. பிறர் பொருட்டுத் தன்னை இழத்தலே மேன்மை என்று கற்பிக்கப்பட்ட கிறிஸ்தவ மாணவராகிய நாம் இக்கதையை அயலாருடையது என்று ஒதுக்குதல் இயலுமோ?

முடிவும் புகழும்

1711ஆம் ஆண்டில், முதுமை கருதிப் போலும், மூத்த மாணவர்க்குரிய ஒரு பட்டம் அவருக்குக் கிடைத்தது. 1713இல் மனைவியார் மறைந்தார். 1715இல் அவரும் உயிர் நீத்தார். அச்சிடப் பொருளின்மையால் கையெழுத்துப் படிகளாகவே உலவிய அவர் நூல் 1766ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. 1880இல் கைல்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் அவற்றுள் 164 கதைகளை மொழிபெயர்த்தார்.

அவரோடு எழுதித் தேறியவர் பலர் பதவி பெற்றனர். அவர்தம் பெயர்களை இன்று அறிவார் சிலரே. தோற்றவர் எழுதியது நிற்கின்றது. தேர்வு முடிவைக் கண்டு மகிழ்வாரும் வருந்துவாரும் ஆகிய நாம், இவர் வாழ்வை ஒருகால் நினைத்தல் நன்று.